காற்றுக்குக் குறுக்கே போட்ட பாதை

குறுக்குக் காற்று என்று சொல்லும்போதே பழியைக் காற்றின் தலையில் கட்டிவிடுகிறோம். காற்று அதன் போக்கில் வருகிறது. அசையாமல் குறுக்கே கிடப்பது ஓடுபாதைதான். ஓசூரிலிருந்து தளி போகும் சாலையில், பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் ஓடுபாதை இருக்கிறது. ஏறத்தாழ 7,000 அடி நீளம், 150 அடி அகலம். ஒரு முனை கிழக்கே, மறு முனை மேற்கே. 1994-ல் தொடங்கிய அந்த நிறுவனம் இத்தாலியின் பார்ட்டனேவியா பி68 என்ற இரட்டை எஞ்சின் சிறு விமானத்தை இங்கே உருவாக்கியது. அது மூக்குக்குக் கீழே சக்கரம் வைத்த விமானம், குறுக்குக் காற்றில் ஓரளவு பொறுத்துப் போகும். பொறுத்துப் போகாத மூத்த வகை ஒன்று உண்டு. முன்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், வாலுக்கடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குட்டிச் சக்கரம். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். டெயில்வீல் விமானம் என்பது அதுதான். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் போனால் பெங்களூரு எச்ஏஎல் விமானத் தொழிற்சாலை. 1958-ல் முதன்முதலாகப் பறந்து, பிறகு ஏறத்தாழ 160 வரை கட்டப்பட்டு, நாடு முழுவதும் ஃபிளையிங் கிளப்புகளில் பலருக்கும் பறக்கக் கற்றுக்கொடுத்த ‘புஷ்பக்’ அங்கே பிறந்தது. 90 குதிரைத்திறன், இரண்டு இருக்கை, வாலில் சக்கரம். அப்படி ஒரு விமானத்தைச் சுழன்றடிக்கும் காற்றில் இறக்குவது ஏன் அவ்வளவு கடினம் என்று கேட்டால், விமானியின் கைத்திறன், விமானத்தின் பழமை என்றுதான் பதில் வரும். இரண்டும் பாதிப் பதில்தான். மீதிப் பாதி, ஓடுபாதையை எந்தத் திசையில், எத்தனை எண்ணிக்கையில் போட்டோம் என்பதில் இருக்கிறது.

முதலில் விமானத்தின் பங்கைப் பார்த்துவிடலாம். சிப்காட் தொழிற்பேட்டை வாசல்களில் நாள் முழுக்க நடக்கும் ஒரு காட்சி இதை நன்றாகச் சொல்லிக் கொடுக்கும். கன்டெய்னர் ட்ரெய்லர் முன்னோக்கிப் போகும்போது பின்பெட்டி தானாகவே இழுவைக்குப் பின்னால் நேராக வந்துவிடும். அதே வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது பெட்டி ஒரு விரற்கடை திரும்பினால் போதும், ஓட்டுநர் உடனே ஸ்டியரிங்கைத் திருப்பிச் சரிசெய்யாவிட்டால் அந்தத் திருப்பம் தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு வண்டி மடங்கிவிடும். மூக்குச் சக்கர விமானம் முன்னோக்கிப் போகும் ட்ரெய்லர். அதன் எடை பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், கோணல் வந்தாலும் எடையே அதை நேராக்கிவிடும். டெயில்வீல் விமானத்தில் எடை பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அது தரையில் ஓடும் ஒவ்வொரு நொடியும் ரிவர்ஸ் எடுக்கும் ட்ரெய்லர்தான். மூக்கு சற்றே இடப்பக்கம் திரும்பினால், பின்னால் இருக்கும் எடை நேராகவே போகப் பார்க்கும், வால் வலப்பக்கம் வீசும், திருப்பம் இறுகும், கடைசியில் விமானம் தன் வாலைத் தானே துரத்தும் நாய்போல ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். இதை ‘கிரவுண்ட் லூப்’ என்கிறார்கள். உயிர்ச் சேதம் அரிது. வெளிப்பக்க இறக்கையின் நுனி தரையில் தேய்வதும், சக்கரத்தின் கால் மடங்குவதும், புரொப்பெல்லர் மண்ணை உழுவதும்தான் வழக்கமான கணக்கு. ட்ரெய்லர் ஓட்டுநருக்கு ஒரு வசதி உண்டு, நிறுத்திவிட்டு இறங்கிப் பார்க்கலாம். 40 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 74 கிலோமீட்டரில், மூக்கு முன்னால் மறைத்துக்கொண்டிருக்க, ஓடுபாதையின் இரு ஓரங்களைக் கடைக்கண்ணால் பார்த்தபடி ரிவர்ஸ் எடுப்பவருக்கு அது கிடையாது.

இதில் காற்று எங்கே நுழைகிறது? தென்மேற்குப் பருவ மாதம், பிற்பகல், ஓசூரில் மேற்கு நோக்கி இறங்கும் ஒரு விமானம் என்று வைத்துக்கொள்வோம். ஓடுபாதை 270 டிகிரி. காற்று 240 டிகிரியிலிருந்து, அதாவது இடப்பக்க முன்மூலையிலிருந்து, 20 நாட். இடைக்கோணம் 30 டிகிரி என்பதால் காற்றில் சரிபாதி, 10 நாட், விமானத்தைப் பக்கவாட்டில் வலப்புறம் தள்ளும். ஒகேனக்கல்லில் பரிசல்காரர் எதிர்க்கரைத் துறைக்கு நேராகத் துடுப்புப் போடுவதில்லை. ஓட்டத்துக்கு எதிராக மேலே குறிவைத்துப் போனால்தான் சேரவேண்டிய இடத்தில் சேர முடியும் என்பது அவருக்குத் தெரியும். விமானியும் அதுபோல மூக்கை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு, நண்டு நகர்வதுபோல ஓடுபாதைக்கு வருவார். ஆனால் பரிசல் கோணலாகவே கரை தட்டலாம், விமானம் கோணலாகத் தரை தொடக்கூடாது; தொட்டால் சக்கரங்கள் ஒரு பக்கம் இழுக்க எடை இன்னொரு பக்கம் போகும், அப்புறம் மேலே சொன்ன கதைதான். அதனால் தரைக்குச் சற்று மேலே வரும்போது வலக்கால் பெடலை மிதித்து மூக்கைப் பாதைக்கு நேராக்கி, அதே கணத்தில் குச்சியை இடப்பக்கம் சாய்த்து இட இறக்கையைக் காற்றுக்குள் தாழ்த்த வேண்டும். இறக்கையின் சாய்வு விமானத்தை இடப்பக்கம் வழுக்கச் செய்யும், காற்று வலப்பக்கம் தள்ளும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட விமானம் நேர்கோட்டில் போகும். முதலில் தரை தொடுவது இடச்சக்கரம் மட்டும். வலச்சக்கரம் இன்னும் ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்குத் தப்பாக இறங்கியதுபோலத் தெரியும் இதுதான் சரியான இறக்கம்.

இதுவரை நடந்தது எளிய பகுதி என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். வானத்தில் இருக்கும் வரை, பெடல் திருப்பும் வால்சுக்கான் மேல் நிறையக் காற்று ஓடுகிறது, மிதித்தால் கேட்கிறது. அந்தக் காற்றின் வேகம் பாதியானால் சுக்கானின் பலம் பாதி ஆகாது, கால்வாசி ஆகிவிடும். ஆனால் பக்கவாட்டில் அடிக்கும் காற்று, விமானம் வேகம் குறைகிறதே என்று இரக்கப்படாது. சக்கரங்களுக்குப் பின்னால் நீண்டிருக்கும் உடலையும் நிமிர்ந்து நிற்கும் வால்துடுப்பையும் அது அதே பலத்தோடு தள்ளிக்கொண்டே இருக்கும். கோபுர உச்சிக் காற்றுக்காட்டிபோல விமானம் காற்றைப் பார்த்துத் திரும்பப் பார்க்கும். தரை தொட்டபின் வேகம் இறங்கி, சுக்கான் செத்து, பிரேக்கும் வால்சக்கரமும் மட்டுமே துணையாக இருக்கும் அந்தச் சில நொடிகளில்தான் இயந்திரங்கள் உடைகின்றன. வேகம் குறையக் குறைய விமானியின் குச்சி காற்றின் பக்கம் முழுவதுமாகச் சாய்ந்துகொண்டே போக வேண்டும், கால்கள் பெடலில் நடனமாடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றபிறகும் வேலை முடியாது, திருப்பி ஓட்டிக்கொண்டு போய்க் கயிறு போட்டுக் கட்டும் வரை அது பறக்கத் தயாரான காற்றாடிதான். ஒரு சலுகை உண்டு. எதிரே இருந்து வரும் பங்கு கூடுதலாக இருந்தால், விமானம் மெதுவானாலும் சுக்கான் மேல் காற்று ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே இறங்க முடியுமா என்பதைக் காற்றின் வேகம் தனியாக முடிவு செய்வதில்லை, கோணமும் சேர்ந்தே முடிவு செய்கிறது. 25 நாட் காற்று நேர் எதிரே வந்தால் புஷ்பக் போன்றது கிட்டத்தட்ட நடைவண்டி வேகத்தில் வந்து தரையில் குந்தும். அதில் பாதிக் காற்று செங்குத்தாக வந்தால் அதே விமானி வியர்த்துப் போவார்.

சீராக வீசும் காற்றுக்கு இந்தக் கணக்கு போதும். சுழன்றடிக்கும் காற்றுக்குப் போதாது. பேரிகை, பாகலூர், தளிப் பக்கம் பாலிஹவுஸில் ரோஜா வளர்ப்பவர்களைக் கேட்டால் இதன் குணத்தைச் சொல்வார்கள். சராசரிக் காற்று பிளாஸ்டிக் தாளைக் கிழிப்பதில்லை, ஓய்ந்துவிட்டுத் திடீரென்று உதறும் ஒரு வீச்சுதான் கிழிக்கிறது. ஓசூர் மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி. கோடையில் சூடான கரிசல் திட்டும் செம்மண்ணும் தொழிற்சாலைத் தகரக் கூரையும் ஒரே அளவில் சூடாவதில்லை. அவற்றின் மேலிருந்து கிளம்பும் வெப்பக் குமிழ்கள் காற்றைத் துண்டு துண்டாக்கும். காற்று வரும் பக்கம் ஒரு பெரிய ஷெட் நின்றால், அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்கும் மேலே கலங்கல் நீளும். 15 நாட்டில் வீசும் காற்று அவ்வப்போது 25 ஆகிறது என்றால், விமானிகள் அந்தப் பத்தில் பாதியை, 5 நாட்டை, இறங்கும் வேகத்தோடு சேர்த்துக்கொள்வது வழக்கம். காற்று சட்டென்று ஓய்ந்தால் விமானம் கல்லாக விழாமலிருக்க அது முன்பணம். பயத்தில் பத்து, பதினைந்து என்று சேர்த்தால் வேறு வம்பு. 50 நாட்டில் இறங்க வேண்டியதை 60-ல் இறக்கினால் தரையில் கரைக்க வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. அதற்கு மேல் ஓசூரின் உயரமும் வெயிலும் வட்டி வாங்கும். 35 டிகிரி வெயிலில் இங்கே காற்று 6,000 அடி உயரத்துக் காற்றைப்போல மெலிந்திருக்கும். கருவி 50 நாட் காட்டும்போது உண்மை வேகம் 55-ஐ ஒட்டி இருக்கும்.

இத்தனையும் விமானத்தின் குறை என்றுதான் படிக்கும்போது தோன்றும். வரலாறு வேறு சொல்கிறது. விமானங்கள் எல்லாம் வாலைத் தரையில் வைத்துக்கொண்டு நின்ற காலத்தில், இறங்குமிடம் பெரும்பாலும் ஒரு திடல். புல்தரையோ மண்தரையோ, நீளமும் அகலமும் ஏறத்தாழ ஒன்று. 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய் ஜூஹுவுக்கு அஞ்சல் கொண்டுவந்து இறக்கிய புஸ் மாத், பிறகு நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிவந்த அதே வகை விமானம், அந்தக் காலத்துப் பிள்ளை. திடலில் இறங்குபவர் காற்றுப்பையை ஒரு பார்வை பார்ப்பார், அது காட்டும் திசைக்கு எதிரே திரும்பி இறங்குவார், அவ்வளவுதான். குறுக்குக் காற்று என்ற பிரச்சினை அங்கே பெரும்பாலும் எழவே இல்லை. விமானங்கள் கனத்து, மழையில் புல்தரை தாங்காமல் போனபோது கான்கிரீட் வந்தது; கான்கிரீட் விலை அதிகம் என்பதால் திடல் பட்டையானது. அப்போதும் அன்றைய பொறியாளர்கள் ஒரே பட்டையோடு விட்டுவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை வகுத்த தரப்படி ஒரு களத்துக்கு மூன்று ஓடுபாதைகள், ஒன்றுக்கொன்று 60 டிகிரியில், மேலிருந்து பார்த்தால் ஆங்கிலத்தின் முதல் எழுத்துபோல. அந்த வடிவத்தின் அழகைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஏதாவதொரு பாதைக்கும் அதற்கும் இடையே 30 டிகிரிக்கு மேல் கோணம் வராது, அதாவது காற்றில் பாதிக்கு மேல் எப்போதுமே குறுக்கே அடிக்காது. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் எல்லாம் வால்சக்கரம் வைத்தவை. இவ்விமானங்களின் பலவீனத்தைத் தெரிந்துகொண்டே தரையை வடிவமைத்தார்கள்.

போருக்குப் பிறகு கணக்கு திரும்பியது. தரையை மாற்றுவதைவிட விமானத்தை மாற்றுவது மலிவு. 1950-களில் பைப்பரும் செஸ்னாவும் சக்கரத்தை வாலிலிருந்து மூக்குக்கு நகர்த்தின. செஸ்னா 172 வந்தது 1956-ல். இடையில் ஒரு வேடிக்கையான முயற்சியும் நடந்தது. குட்இயர் நிறுவனம், தானே திரும்பிக்கொள்ளும் பிரதான சக்கரங்களைச் சிறு விமானங்களுக்குச் செய்து பார்த்தது, விமானம் நண்டு நடையிலேயே இறங்கி நண்டு நடையிலேயே ஓட வேண்டும் என்பதற்காக. சிறு விமானங்களில் அது நிலைக்கவில்லை, ஆனால் அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம் இன்றும் சக்கரங்களைக் கோணலாகத் திருப்பிக்கொண்டுதான் குறுக்குக் காற்றில் இறங்குகிறது. ஓடுபாதை நேராக்கப்பட்ட பிறகு விமானம் கோணலாக நடக்கக் கற்றுக்கொண்டது என்று இதைப் படிக்கலாம்.

மூக்குச் சக்கரம் வந்தபிறகு இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அது தரையில் சுழலும் குணத்தைப் போக்கியது, பக்கவாட்டில் தள்ளப்படுவதைப் போக்கவில்லை. காற்றில் இறக்கையைத் தாழ்த்துவது, கோணலை நேராக்குவது எல்லாம் எந்தச் சக்கரம் இருந்தாலும் செய்தே ஆக வேண்டியவை. சரியாகச் செய்யாதவரை மூக்குச் சக்கரம் மன்னித்துவிடுகிறது, அவ்வளவுதான். அதோடு வால்சக்கரம் அருங்காட்சியகத்துக்குப் போய்விடவும் இல்லை. கரடுமுரடான தரையில் புரொப்பெல்லர் உயரமாக நிற்க வேண்டிய வேலைகளுக்கு அதுதான் இன்றும் ஏற்றது. எச்ஏஎல் 1972-ல் பறக்கவிட்ட ‘பசந்த்’ என்ற மருந்து தெளிக்கும் விமானமும் வாலில்தான் சக்கரம் வைத்திருந்தது. விமானங்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது எவ்வளவு குறுக்குக் காற்று சோதிக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சிறு விமான விதிகளில் நெடுங்காலம் இருந்த குறைந்தபட்சக் கணக்கு, விமானம் மிதக்க முடியாமல் விழும் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 40 நாட்டில் அந்த நிலைக்கு வரும் விமானத்துக்கு 8 நாட் குறுக்குக் காற்றில் பத்திரமாக இறங்கிக் காட்டினால் போதும். ஓசூர் உதாரணத்தில் நாம் பார்த்தது 10.

ஓசூர் ஓடுபாதையைப் போட்டவர்கள் காற்றைப் பார்க்காமல் போட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். ஆண்டின் ஒரு பாதி மேற்கையும் தென்மேற்கையும் ஒட்டிய காற்று, மறுபாதியின் பெரும்பகுதி கிழக்கையும் வடகிழக்கையும் ஒட்டிய காற்று. இந்த மேட்டுநிலத்துக்குக் கிழக்கு மேற்குப் பட்டைதான் இயல்பான தேர்வு. குறை வேறு இடத்தில் இருக்கிறது. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பரிந்துரைப்படி, ஒரு களத்தின் ஓடுபாதைகள் குறைந்தது 95 சதவீத நேரம் பயன்படுமாறு திசை பார்க்க வேண்டும். எத்தனை நாட் குறுக்குக் காற்று வரை ‘பயன்படும்’ என்று கணக்கில் எடுப்பது? 1,500 மீட்டருக்கு மேல் பாதை தேவைப்படும் விமானங்களுக்கு 20 நாட், 1,200-லிருந்து 1,500 வரை 13, அதற்கும் குறைவாகத் தேவைப்படுபவற்றுக்கு 10. பெரிய விமானத்துக்கென்று நீளமாகப் போட்ட ஒற்றைப் பாதையின் திசையை 20 நாட் கணக்கில் சரிபார்த்தால் தேர்வில் தேறிவிடும்; அதே தாளை 10 நாட் கணக்கில் திருத்தினால் மதிப்பெண் குறையும். நீளமான ஓடுபாதை சிறு விமானத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு என்பது பொதுநம்பிக்கை. நிற்க இடம் கிடைக்கிறது என்ற அளவில் அது உண்மை. டெயில்வீல் விமானம் பாதையின் கடைசி வரை ஓடி விபத்துக்குள்ளாவது குறைவு, பக்கத்தில் சறுக்கி வெளியேறுவதுதான் அதன் வழக்கம். அதற்கு 7,000 அடியில் ஆறாயிரம் அடி அலங்காரம். அகலம்தான் கைகொடுக்கிறது. 150 அடி அகலத்தில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாய்வாக ஆயிரம் அடியில் ஓடினால் 8 டிகிரி கோணம் திருடலாம், நம் 10 நாட் ஏழரை ஆகிவிடும்.

2024 ஜூன் 27-ல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அறிவித்ததிலிருந்து, இங்கே டீக்கடைப் பேச்சில்கூட ரன்வே வந்துவிட்டது. பேச்செல்லாம் நீளத்தைப் பற்றி; திசையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பெரிய ஜெட்டுகளுக்கு அது அவ்வளவு முக்கியமும் இல்லை, 30 நாட்டைத் தாண்டிய குறுக்குக் காற்றையும் அவை சமாளிக்கும். சிறு விமானத்துக்கு வேண்டியது 600 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், ஏறத்தாழ நாலரை ஏக்கர். ஓரப் பாதுகாப்புக்கென்று மூன்று மடங்கு விட்டாலும் பதினான்கு ஏக்கருக்குள் முடியும். கான்கிரீட் வேண்டாம், தென்மேற்கு வடகிழக்காக உருட்டிச் சமன் செய்த புல்தரை போதும். ஜெட்டும் குட்டி விமானமும் ஒரே வட்டத்தில் சுற்றுவது ஆபத்து என்ற மறுப்பு சரியானது, அதனால்தான் இதைப் புதிய நிலையத்தில் கேட்பதைவிட சிறு விமானங்களுக்கென்று தனிக் களம் திட்டமிடும்போது கேட்பது பொருந்தும். நிலம் கொடுக்கும் விவசாயியிடம் போய் இன்னும் பதினான்கு ஏக்கர் பொழுதுபோக்குக்கு என்று கேட்க முடியுமா என்பது அதைவிடக் கனமான மறுப்பு. வேலிக்குள் ஏற்கெனவே சும்மா கிடக்கும் ஓரநிலம் இருந்தால் மட்டுமே இதைப் பேசலாம் என்பேன். இந்தியாவில் டெயில்வீல் ஓட்டுபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதானே என்றால், ஆம், குறைவுதான். ஆனால் பத்து மணி நேரம் பறந்த மாணவர் தனியாக இறக்கும் மூக்குச் சக்கர விமானத்துக்கும் இதே 10 நாட் பெரிய காற்றுதான்.

காற்று பிடிக்காவிட்டால் வேறு களத்துக்குப் போய் இறங்கலாமே என்பது கடைசியாக வரும் யோசனை, புத்தகத்தில் சரியாகவே இருக்கும். சித்திரை மாதம் மாலை நாலு மணி, கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் உதிர்க்கும் கோடை மழை கட்டுகிறது. மழைக்கு முன்னால் குளிர்காற்று தரையோடு தரையாகப் பாய்ந்து வரும்போது காற்றுப்பை ஒரு கணம் துவண்டு தொங்கி, பிறகு தெற்கே பார்த்து விறைக்கிறது. விமானி இறங்காமல் எஞ்சினை முடுக்கி மேலே ஏறிவிடுகிறார், செய்ய வேண்டியதும் அதுதான். எங்கே போவது? பெங்களூரு எச்ஏஎல் ஓடுபாதை கிழக்கு மேற்கு. எலகங்கா கிழக்கு மேற்கு. கெம்பேகவுடாவும் அப்படியே. ஜக்கூர் பத்து டிகிரி மட்டும் விலகியது. அந்த வடக்குக் காற்று மேட்டுநிலம் முழுக்கப் பரவிவிட்டால் எல்லாவற்றுக்கும் அதே காற்று அதே குறுக்கு. கோணம் மாறிய பாதை வேண்டுமென்றால் ஓமலூர் பக்கத்துச் சேலம் விமான நிலையம் இருக்கிறது, வடகிழக்கு தென்மேற்காக. வான்வழியில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். புஷ்பக்குக்கு முக்கால் மணி நேரம், அதுவும் தொப்பூர் மலைக்கு மேலே இடி இல்லாவிட்டால்.